இரு கட்சிக்கும் தையல் போட்ட கம்பவுண்டர்

1947ஆம் வருஷம் ஆடி பிறந்து இரண்டு வாரத்துக்குள் சின்னண்ணன் பதினோரு தலைகளுக்குத் தையல் போட்டிருந்தார். ஆறு பேர் காங்கிரஸ் கதர்க்காரர்கள். ஐந்து பேர் செங்கொடிச் சங்கத்தார். ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு நெசவாளர் ஊர் ஆஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். டாக்டர் வாரம் இரண்டு நாள்தான் வருவார்.

ரேஷன் நூலை யார் பங்கிடுவது என்று தொடங்கிய சண்டை, வெள்ளைக்காரன் போகிறான் என்றானதும் ஊர் யார் கைக்கு என்பதாக வளர்ந்தது. மாரி என்ற நெசவாளியின் தறிக்கொட்டகைக்கு யாரோ தீ வைத்தார்கள். தறியிலிருந்த பாவு நூலை இழுத்துக் காப்பாற்றப் போய் அவன் கைகள் வெந்தன.

"இனி தறியில உக்கார முடியுங்களா?" என்று கட்டுப் போடும்போது கேட்டான்.

சின்னண்ணன் கட்டை முடித்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கதர்க்காரர்களின் தலைவர் சென்னியப்பனிடம் போனார்.

"அந்தச் சங்கத்துக்கார வீரபாகு அனுப்புனானாக்கும்?" என்றார் சென்னியப்பன்.

"யாரும் அனுப்பலீங்க. பதினஞ்சாந்தேதி ரெண்டு கட்சியும் தனித்தனியா ஊர்வலம் போறீங்க. கொலை விழுந்துருமுங்க."

"அவனூட்டுக்கும் போறவருதானே நீங்க? அங்க என்ன சொல்றீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

சங்கத் தலைவர் வீரபாகுவோ, மருந்துப்பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். "போலீசுக்கு எங்காளுக பேரு எத்தன எழுதிக் குடுத்தீங்க?"

இப்படி அலைந்த நான்காம் நாள் யாரோ அவர் சைக்கிள் டயரைக் கிழித்திருந்தார்கள். எந்தக் கட்சி என்று தெரியவில்லை. அன்றிலிருந்து சின்னண்ணனும் யாரையும் நம்பவில்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் தாளில் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கி, மற்றவரிடம் காட்டினார். எட்டுத் தாள் ஆன பிறகு இருவரும் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்கள்.

ஒரு புதன்கிழமை காலை வந்தார்கள். சின்னண்ணன் வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்தார். சென்னியப்பனிடம் சூரிக்கத்தி, வீரபாகுவின் குடைக்குள் இரும்புக் கம்பி. இரண்டையும் மருந்து அலமாரியில் பூட்டிவிட்டு, இருவரையும் கைக்கட்டோடு இருந்த மாரிக்கு எதிரே உட்கார வைத்தார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நூலை இரு தரப்பும் சேர்ந்து பங்கிடுவது என்பதற்கே மத்தியானமாகிவிட்டது. ஊர்வலம் என்றதும் வீரபாகு எழுந்து சென்னியப்பனைக் காட்டினார்.

"இவரு எங்க வரிசைக்கு நடுவுல நடக்கட்டும். அப்பத்தான் எங்காளுக மேல கல்லு விழாதுன்னு நம்புவேன்."

"அப்ப நீ எங்காளுகளோட நட!" என்று சென்னியப்பன் சீறினார்.

குத்தலாகச் சொன்னதுதான். சின்னண்ணன் அதை அப்படியே தாளில் எழுதி, பேனாவை நீட்டினார். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க இருவருக்கும் மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டார்கள்.

பதினைந்தாம் தேதி, தலைவர்கள் இருவரும் வரிசை மாறி நடக்க, இரு கட்சியும் ஒரே ஊர்வலமாகப் போனது. பஞ்சும் டிஞ்சருமாகப் பின்னால் நடந்த சின்னண்ணன் கல் வருமோ என்று கூரைகளையே பார்த்து வந்தார். சந்தைப்பேட்டை அருகே ஒரு வெடி வெடித்தது. செங்கொடிக்காரர்கள் சென்னியப்பனின் தோளை இறுகப் பிடித்தார்கள். கதர்க்காரர்கள் வீரபாகுவைச் சுற்றி நெருங்கினார்கள். காக்கவா, அமுக்கவா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. வெடி போட்டவன் கொண்டாட்டத்தில் போட்டவன் என்று தெரிந்ததும் ஊர்வலம் நகர்ந்தது. கொடி ஏறியது. ஒரு தலையும் உடையவில்லை.

தீ வைத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. சின்னண்ணன் போலீஸ் ஆள் என்ற பேச்சை இரு கட்சியும் விடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அவர் வாழப்பாடிக்கு வேலை மாறிப் போனபோது தலைவர்கள் இருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாரி மட்டும் வந்து, நீட்டி மடக்க முடிந்த வலது கையால் சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்தான்.