“ஜெபிக்கிறன்” என்று சொன்னவர்

வாவியின் அக்கரைக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். கரை சேர்ந்ததும் அதைக் கயிற்றால் கட்டுபவர் அவர். உப்புப் பூத்த நீலத் தொப்பி, காய்ப்பேறிய கைகள். யார் கவலை சொன்னாலும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, “ஜெபிக்கிறன்” என்பார். நானும் எல்லாரிடமும் அதைச் சொல்வேன், வணக்கம் சொல்வதுபோல.

ஒருநாள் தன் மகளின் ஒப்பரேசனுக்காக என்னை ஜெபிக்கச் சொன்னார்; “ஜெபிக்கிறன்” என்றேன். நான் எழுதப்போகும் சோதனைக்குத் தான் ஜெபிப்பதாகவும் சொன்னார். அடுத்த வாரம் அவர் என் பக்கமே திரும்பவில்லை. மகளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ? அந்தப் பிள்ளைக்காக நான் ஒருதரம்கூட முழங்காலில் நிற்கவில்லையே!

“அண்ணன், மகளுக்கு எப்பிடி?”

“நாளைக்குத்தான் ஒப்பரேசன், தம்பி.”

“நான் ஜெபிக்கல்ல அண்ணன். சொல்லிப்போட்டு மறந்திட்டன்.”

அவர் சிரித்துவிட்டார். “அட, நானும் உங்கட சோதனைய மறந்துதான் மூஞ்சக் காட்டாம நிண்டன். சரி, கரைக்கு இன்னும் தூரம் கிடக்கு. கண்ண மூடுங்க.”

தொப்பி நெஞ்சுக்குப் போனது. சற்று நேரத்தில் பாதை கரையில் முட்டியது.

“அண்ணே, கயித்தக் கட்டிப்போட்டு ஜெபிங்க!” என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் கத்தினார்கள்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். விடிந்தால் மகளுக்கு ஒப்பரேசன். அந்த மனிதர் இன்னும் என் சோதனைக்காகத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.