எங்கள் எம்.பி.க்கு வெள்ளிக்கிழமை சேர்ஜரி

இந்தப் புதன்கிழமை எங்கள் தெருப் போஸ்ட் ஒபீஸை மூடிவிட்டார்கள். குணம் ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது கிழடுகள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் குளிரில் நின்று பார்த்தோம். மூடச் சொன்னது யார்? எங்கள் கட்சி! நாங்கள் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டு அனுப்பிய அதே கட்சி.

குணம் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் ரெஸ்டோரன்ட் கிச்சனில் நின்றுவிட்டு, லண்டனுக்கு வந்து கடை எடுத்தவர். கடையின் மூலையில் போஸ்ட் ஒபீஸ் கவுண்டர். திங்கட்கிழமைகளில் பென்ஷன் எடுக்கப் போவேன். பென்ஷனுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும். கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் கைப்பையில் கொண்டு போவேன். வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் குணம் வாசித்துச் சொல்வார். எனக்கு வாசிக்க வராது என்பது இந்த லண்டனில் அவருக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

மூடப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கவுண்டர் போனால் கடையும் ஓடாது, வேறு ஊருக்குப் போய்விடுவேன் என்றார் குணம். குணம் போனால் என் கடிதங்களோடு யாரிடம் போய் நிற்பேன்? பக்கத்து வீட்டுக்காரியிடமா? செத்தாலும் மாட்டேன்.

எம்.பி. எதற்கு இருக்கிறார்? போனை எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். "எம்.பி. ப்ளீஸ்" என்றேன். ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபட்டது இரண்டு சொல்: சேர்ஜரி, ஃப்ரைடே. ஐயோ, மனிசனுக்கு ஒப்பரேஷனா! சேர்ஜரி என்றால் என் முழங்காலுக்குச் செய்தார்களே, அதுதானே? "சொறி, சொறி" என்று வைத்துவிட்டேன்.

இரண்டு கிழமை பொறுத்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் ஃப்ரைடே, சேர்ஜரி. அடுத்த மாதமும் அப்படியே! வெள்ளிக்கு வெள்ளி வெட்டுகிறார்கள் என்றால் என்ன நோய் வருத்தமாக இருக்கும்? நம்முடைய கட்சி ஆள் அல்லவா... மனம் கேட்கவில்லை. கோயிலுக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்தேன். ஐயர் பெயரை மூன்று தரம் கேட்டார்.

"நட்சத்திரம் என்ன அம்மா?"

"வெள்ளைக்காரனுக்கு என்ன நட்சத்திரம் ஐயா? ஆள் ஒப்பரேஷனில கிடக்கிறார். கெதியாச் சொல்லுங்கோ."

பிரசாதத்தில் கொஞ்சம் குணத்துக்கும் கொடுத்தேன். விஷயம் கேட்டவர் முத்திரைத் தாள்களின் மேலே குப்புற விழுந்து சிரித்தார்.

"அக்கா, அது ஒப்பரேஷன் இல்லை. சனத்தைச் சந்திச்சுக் குறை கேக்கிறதுக்கு அவையள் வைச்ச பேர் சேர்ஜரி. வெள்ளிக்கிழமையில லைப்ரரிக்கு வாறவர்."

இரண்டு மாதமாக நான் கவலைப்பட்டு அர்ச்சனைவரை போக, மனிசன் பஸ்ஸில் ஏழு நிமிடத் தூரத்தில் குந்தியிருந்திருக்கிறார்!

அடுத்த வெள்ளி குணத்தையும் இழுத்துக்கொண்டு போனேன். "நான் கதைச்சா என்ரை கடைக்காகக் கதைக்கிறன் எண்டு நினைப்பார். நீங்கள் சொல்லுங்கோ, நான் இங்கிலீசில சொல்லுறன்" என்றார் குணம். எம்.பி. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு உங்கள் பக்கம் என்றார். மறுகிழமையே போஸ்ட் ஒபீஸ் வாசலில் 'மூடாதே' என்று எழுதிய மட்டையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்தார். உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. குணம் அதை வெட்டிக் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினார்.

பத்து நாள் போகவில்லை. இப்படி மூடுவதை நிறுத்த வேண்டுமென்று பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. எங்கள் ஆள் எழும்பி, தலைவருக்குப் பின்னால் நடந்து போய், நிறுத்தக் கூடாது என்ற பக்கம் நின்றாராம்! குணம் பேப்பரை வாசித்துச் சொல்லிவிட்டுப் போய் அந்தப் போட்டோவைச் சுரண்டி எடுத்தார்.

விடுவேனா? மறுபடியும் லைப்ரரி.

"ஏன் அங்க போய் மாறி நிண்டவர் எண்டு கேளுங்கோ தம்பி."

எம்.பி. நீளமாகச் சொன்னார். குணம் கட்டையாகச் சொன்னார்.

"விப் எண்டு சொல்லுறார் அக்கா."

"அதென்ன?"

"சவுக்கு. தலைவற்றை ஆக்கள். இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ எண்டு எம்.பி.மாரை மாடு மாதிரிச் சாய்க்கிறது அவையள்தான். அவையின்ரை பேரே அதுதான்."

"பேரே சவுக்கோ! அதை வெக்கமில்லாமல் வெளியில வேற சொல்லுறாரோ?"

"இதையும் சொல்லட்டோ?"

"ஒரு சொல்லும் விடாதேங்கோ!"

குணம் சொன்னார். எம்.பி. வாய்விட்டுச் சிரித்து "வொண்டர்ஃபுல் லேடி" என்றார். நான் கோபித்தேன், அவர் ரசித்தார். வாசல்வரை வந்து கதவும் திறந்துவிட்டார்.

டிவியில் பாராளுமன்றம் பார்க்கிறவள் நான். பேச்சு விளங்காதவளுக்கு முகம் நன்றாக விளங்கும். முன்வரிசையில் எங்கள் தலைவர்கள் காலுக்கு மேல் கால் போட்டு இருக்கிறார்கள். பின்வரிசையில் எங்கள் ஆட்கள், கார்ப் பின்கண்ணாடியில் வைக்கிற பொம்மை நாய்போலத் தலையாட்டுகிறார்கள். கார் எங்கே போகிறதென்று அந்த நாய்க்குத் தெரியுமா? எதிர்க்கட்சிக்காரன் பொய் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவனிடம் நான் என்ன எதிர்பார்த்தேன்? நம் ஆள் சொன்னால்தான் வயிறு எரிகிறது.

"அப்ப அடுத்த முறை மற்றக் கட்சிக்கோ?" என்று புதன்கிழமை ஷட்டருக்கு முன்னால் நின்று ஒருவர் கேட்டார்.

"புருசன் சரியில்லை எண்டு பக்கத்து வீட்டுக்காரனோட போறதோ?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்சிக்காரர்கள் நம்பியிருப்பதும் அதைத்தானே... இவள் எங்கே போகப் போகிறாள் என்று.

நேற்று ஒரு கடிதம் வந்தது. உறையில் பாராளுமன்றத்தின் பச்சை முத்திரை. வழக்கம்போலக் கைப்பையில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டேன். ஷட்டரைக் கண்ட பிறகுதான் நினைவு வந்தது. மற்றப் போஸ்ட் ஒபீஸுக்கு இரண்டு பஸ் எடுக்க வேண்டும். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையை எனக்குத் தெரியாது. அவளிடம் நீட்டி, வாசித்துச் சொல் பிள்ளை என்று கேட்கவா?

திரும்பி வந்து மேசையில் போட்டேன். உறையைக்கூடக் கிழிக்கவில்லை. தலைவர் சொன்னதைத்தானே எங்கள் எம்.பி. எழுதியிருப்பார்!