பாதி முகம்

ஊரடங்கில் எங்கள் அடையாறு வீட்டு வாசலுக்குத் தினமும் வந்தவர் ஒருவர்தான். காய்ச்சல் பார்க்க வரும் பெண். நெற்றிக்கு நேரே கருவியை நீட்டி, எண்ணைத் தனக்குள் ஒருமுறை முணுமுணுத்துவிட்டுத்தான் எழுதுவார். நீல மாஸ்க்குக்கு மேலே இரண்டு பெரிய கண்கள், வியர்வையில் கரைந்த பொட்டு.

கணவர் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வீசிங் தொந்தரவுள்ள மகன். பயத்தில் கை சும்மா இருக்க முடியாமல், அவன் பிறந்தபோது விட்ட பென்சில் ஓவியப் பழக்கத்தை மறுபடி தொட்டேன். வரைய வேறு முகம் இல்லாததால் அந்தப் பெண்ணையே வரைந்தேன். மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருந்தேன். ஒருநாள் கிரில் கதவுக்குள்ளிருந்தே காட்டினேன்.

"இன்னாக்கா, பாதி மூஞ்சிதான் கீது!" என்று சிரித்தார். "எம்பொண்ணு பாத்தா ஆருன்னு கேப்பா. ஒரு நிமிசம் கயட்டறேன், நல்லா பாத்துக்கங்க. முடிச்சிக் குடுத்தீங்கன்னா வூட்ல மாட்டுவேன்."

நாலு படி இறங்கித் தள்ளி நின்று, காதோரம் கையைக் கொண்டுபோனார்.

"ஐயோ, கழட்டாதீங்க!" என்று கத்திக் கதவைச் சாத்திவிட்டேன்.

"சரிக்கா, சரிக்கா" என்று வெளியே குரல் மட்டும் கேட்டது.

மறுவாரம் வேறொருவர் வந்தார். முன்பு வந்தவரை ஏரியா மாற்றிவிட்டார்களாம்.

மகன் நன்றாக இருக்கிறான். நான் இப்போதும் வரைகிறேன். அந்தப் படத்தில் எத்தனையோ வாய்களை வரைந்து பார்த்துவிட்டேன்; ஒவ்வொரு முறையும் அவர் வேறு யாரோ ஆகிவிடுகிறார். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.