தோமித்திலா வாங்கிய பதின்மூன்று காசுகள்

மெக்சிகோவில் எங்கள் தாஸ்கோ ஊர்ச் சனிக்கிழமைச் சந்தையில் என் மனைவி தோமித்திலா ஒகாம்போவைத் தெரியாதவர் கிடையாது. பதினான்கு வயதில் வெள்ளிப் பட்டறையில் மெருகு போட உட்கார்ந்தவள், நாற்பதில் சந்தையில் சொந்தமாக ஒரு மேசை போட்டாள். அவளிடம் யாராவது மோதிரத்தை எடுத்தால், விலை சொல்வதற்கு முன் அதைத் திருப்பிக் காட்டுவாள்.

"உள்பக்கம் பாரு, தொள்ளாயிரத்து இருபத்தஞ்சுன்னு முத்திரை இருக்கா? ஆயிரம் பங்குல அவ்வளவுதான் வெள்ளி, மீதி செம்பு. செம்பு சேக்கலேன்னா உன் மோதிரம் டோர்ட்டியா ரொட்டி மாதிரி மடங்கிடும்."

பிறகு தராசில் வைப்பாள். இன்றைய வெள்ளி விலை இது, எடை இது, செய்கூலி இது என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்வாள். பக்கத்து மேசைக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "எல்லாத்தையும் அவிழ்த்துக் கொட்டுறியே, நாங்க பிழைக்க வேண்டாமா?" என்பார்கள். அவள் சிரிப்பாள்.

நான் இலாரியோ. வாடகைக்கார் ஓட்டுகிறவன், பழைய வெள்ளை ஃபோக்ஸ்வாகன், ஆமை மாதிரி இருக்கும். நான்கு வருடம் சனிக்கிழமைதோறும் அவளையும் அவள் பெட்டிகளையும் சந்தைக்கு ஏற்றிப் போனேன். அவளும் துணையை இழந்தவள், நானும் அப்படித்தான். ஒருநாள் பாதி மேட்டில் தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"கல்யாணம் பண்ணிக்கலாமா தோமி?"

"முதல்ல உன் வண்டி மேட்டுல ஏறட்டும், அப்புறம் சொல்றேன்."

வண்டி இருமிக்கொண்டே ஏறியது. உச்சியில் நின்றதும், "சரி" என்று இறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையில் பதின்மூன்று காசுகளைக் கொட்ட வேண்டும். அவற்றைத் தானே நல்ல வெள்ளியில் எடுத்து வைப்பதாகத் தோமி சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை நானா, நீயா?" என்றேன்.

அந்த வாரம் ஒரு சவாரியை இறக்கிவிடக் குவெர்னவாகா நகரத்துக்குப் போனேன். பேருந்து நிலைய வாசலில் ஒருவன் தட்டில் காசுகளைப் பரப்பி வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் தொள்ளாயிரத்து இருபத்தைந்து முத்திரை.

"ஒண்ணு பத்து கிராம் அண்ணே. காந்தத்தை வச்சுக் காட்டட்டுமா? பாருங்க, ஒட்டலை. ஒட்டலேன்னா வெள்ளி."

பதின்மூன்றுக்கும் சேர்த்து ஆயிரத்து நூறு பேசோ சொன்னான். முக்கால் மணி நேரம் பேரம் பேசி எழுநூறுக்குப் படியவைத்தேன். ஊர் வரைக்கும் பாட்டுதான்.

கோயிலில் பாதிரியார் சைகை காட்டியதும் காசுகளை அவள் கைகளில் கொட்டினேன். அந்தச் சத்தம் என் காதுக்கு நல்ல வெள்ளியாகத்தான் கேட்டது. அவள் மட்டும் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தோள்கள் குலுங்கின. மணப்பெண் அழுகிறாள் என்று நினைத்து என் அக்கா கைக்குட்டையை எடுத்துவிட்டாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏற்றுக்கொள்கிறேன்" என்று பிசிறில்லாத குரலில் சொன்னாள்.

விருந்தில் கோழிக் குழம்புக்கு நடுவே காதருகே குனிந்தாள்.

"எவ்வளவு குடுத்தே?"

"எழுநூறு. ஆயிரத்து நூறு சொன்னான். விடுவேனா?"

"ஒண்ணு எத்தனை கிராம்னு சொன்னான்?"

"பத்து."

"பதிமூணுக்கும் சேத்து நூத்தி முப்பது. இன்னைக்கு சுத்த வெள்ளி கிராம் பத்து பேசோ. இந்த மாத்துக்கு வெறும் உலோகமே ஆயிரத்து இருநூறு வருதே. செய்கூலியை விடு, உள்ள இருக்கற வெள்ளியைவிடக் கம்மியா குடுக்க அவன் உனக்கு மாமனா மச்சானா?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "காந்தம் ஒட்டலையே?" என்றேன்.

"செம்பிலயும் ஒட்டாது, பித்தளையிலயும் ஒட்டாது. சாப்பிடுய்யா."

மறுநாள் காலை அடுக்களை மேசையில் ஒரு காசை உரைகல்லில் அழுத்தித் தேய்த்தாள். அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் பச்சையாகப் பொங்கியது. பக்கத்தில் தன் வளையலைத் தேய்த்து, அமிலம் விட்டு, மேலே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டாள். பால் போல வெளுத்தது.

"வெள்ளி பால் காட்டும். இது அல்பாக்கா." சில ஊர்களில் ஜெர்மன் சில்வர் என்பார்களே, அதுதான். பேரில்தான் வெள்ளி, உள்ளே ஒரு பொட்டு இல்லை. முத்திரையைக் காட்டினேன். "ஒரு அச்சும் சுத்தியலும் போதும் அதுக்கு" என்றாள்.

எனக்கு அழுகையே வந்தது. அவள் என் தலையைக் கலைத்துவிட்டு, "நாளைக்கு வண்டியை எடு" என்றாள்.

திங்கட்கிழமை அவன் அதே வாசலில் இருந்தான். அவள் முன்னால் போய் அவன் தட்டிலிருந்து ஒரு காசை எடுத்தாள். நான் பின்னால் நின்றேன்.

"தம்பி, இது வெள்ளியா?"

"சத்தியமா வெள்ளிம்மா."

"நல்லது. எடையும் மாத்தும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு ரசீது குடு."

"ரசீது புத்தகம் தீர்ந்துபோச்சும்மா."

தன் பையிலிருந்து ஒரு ரசீது புத்தகத்தை எடுத்து நீட்டினாள். பேனாவையும் நீட்டினாள். பிறகு உரைகல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பேருந்துக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு காய்கறிக்காரி, "எழுதேன்டா, கை சுளுக்கிடுமா?" என்று குரல் கொடுத்தாள். அவன் என்னை அப்போதுதான் கவனித்தான். எழுநூறை எண்ணி வைத்துவிட்டு எங்கள் பதின்மூன்று காசுகளுக்குக் கை நீட்டினான்.

"அது பாதிரியார் ஆசீர்வதிச்சது. திருப்பித் தரமாட்டேன். ஆனா சும்மாவும் எடுத்துக்க மாட்டேன்" என்றாள். சின்னத் தராசில் பதின்மூன்றையும் நிறுத்தாள். நூற்றெட்டு கிராம்தான் இருந்தது. "எடையிலயும் கை வச்சிருக்கே. அல்பாக்கா கிராம் அரை பேசோ." ஐம்பத்து நான்கு பேசோ எண்ணி அவன் கையில் வைத்தாள். கூட்டம் கைதட்டியது. அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

திரும்பும் வழியில் கேட்டேன், "கோயிலிலேயே தெரிஞ்சுதே, ஏன் சொல்லலை?"

"நான் உன்னைத்தானே ஏத்துக்கிட்டேன்? உன்னை நாலு வருஷமா தேய்ச்சுப் பாத்தாச்சே."

அடுத்த ஆண்டு அவள் பிறந்தநாளுக்கு நானே சந்தையில் ஒரு தோடு வாங்கினேன். முத்திரை பார்த்தேன், எடை கேட்டேன், அன்றைய விலையைக் கேட்டேன், செய்கூலியைத் தனியாகச் சொல்லச் சொன்னேன். விற்றவர் தலையில் அடித்துக்கொண்டு, "தோமித்திலா வீட்டுக்காரன்னு நெத்தியில ஒட்டிக்கிட்டு வாய்யா, நேரமாவது மிச்சமாகும்" என்றார்.

தோட்டை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "செய்கூலி கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். பிறகு இன்னும் கிட்டே கொண்டுபோய், அதில் செதுக்கியிருந்த குட்டிப் பறவையைப் பார்த்தாள்.

"இல்ல, சரியாத்தான் குடுத்திருக்கே" என்று சொல்லி, தோட்டைப் போட்டுப் பார்க்கக் கண்ணாடி தேடப் போனாள்.