மச்சான் காரில் ஓடும் பாட்டு

சோபாக்காரருக்கு மச்சான்மேல் பொறாமை பற்றிக்கொண்டது சாப்பாட்டு மேசையில்தான். மகள் தட்டில் வைத்த கையை எடுக்காமல், புதிதாக ஒரு நாட்டுப்புறப் பாடகியைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாள். ஒரு கிதார், ஒரு குரல், வேறு எதுவும் கிடையாதாம்.

"மாமாவுக்கு எவ்ளோ தெரிஞ்சிருக்கு தெரியுமாப்பா? கார்ல போட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். போகிற வழிதானே என்று தினமும் அக்கா மகளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிடுவார். அந்தக் காரில் ஓடும் பாட்டு அத்தனையும் சோபாக்காரர் கொடுத்தவை. 'ஏதாச்சும் நல்ல பாட்டா குடுங்க அத்தான்' என்று வந்து நின்ற ஆளுக்கு, இருபது வருடமாகச் சேர்த்த இசைத்தட்டுகளிலிருந்து பொறுக்கி, ஒவ்வொன்றாகச் சுழலவிட்டு, ஒரு பென் டிரைவ் நிறைய ஏற்றிக்கொடுத்திருந்தார். இதே பாடகியை மகளுக்குப் பத்து வயதில் போட்டுக்காட்டியவரும் அவரே. பல்வலி வந்தவள் மாதிரிப் பாடுகிறாள் என்று எழுந்து போனவள் இவள்.

மனைவியிடம் முறையிட்டார். தம்பி பாட்டைப் போட்டான், தான் பாடியதாகவா சொன்னான் என்று அவள் கேட்டாள். நியாயம்தான். ஆனால் நியாயம் வயிற்றெரிச்சலுக்கு மருந்தாகுமா?

கடையில் சோபாவுக்கு ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கும்போதெல்லாம் அந்தக் கார்தான் கண்ணில் ஓடியது. கொடுத்த பாட்டுகளில் ஒன்று ராக்; அதில் டிரம்ஸ்காரன் அரைத் தாளம் பிந்தி வந்து விழுவான். அந்தப் பிந்தலுக்காகவே அதை நூறு தடவை கேட்டிருக்கிறார், யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மச்சான் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டியபடி அதை விளக்கிக்கொண்டிருப்பார். எல்லாம் எச்சிலாகிவிட்டது.

மூன்றாவது வாரம், கல்லூரி விழாவில் அந்தப் பாடகியின் பாட்டைப் பாடப்போவதாக மகள் பழக ஆரம்பித்தாள். அடுத்த அறையிலிருந்து கேட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது சரணத்தில் அரை வரியைக் காணோம். இசைத்தட்டில் அந்த இடத்தில் ஒரு கீறல். ஊசி ஒரு சுற்றைத் தாண்டிக் குதிக்கும்; பென் டிரைவிலும் அது ஏறிவிட்டிருந்தது. அந்தக் குதியை அவள் அப்படியே பாடினாள்.

முதலில் வந்தது சந்தோஷம். பாடட்டும். தப்பாகப் பாடட்டும். மாமாவின் லட்சணம் ஊருக்கே தெரியட்டும். இதை மூன்று நாள் மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிவைத்திருந்தார். நாலாம் நாள் சாயங்காலம் அவரால் முடியவில்லை. மகள்மேல் இரக்கம் என்று சொல்லமுடியாது. கீறல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தாகவேண்டும்.

சொன்னார். தட்டையும் எடுத்துக் காட்டினார்.

"அப்ப இதெல்லாம் உங்களோடதாப்பா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்று வாரம் காத்திருந்தார். அதை அனுபவித்து முடிப்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"சரி, விட்டுப்போன இடத்துல என்ன வார்த்தை வரும்?"

அது அவருக்கே தெரியாது. பழைய சாமான் கடையில் கீறலோடு வாங்கிய தட்டு அது. இணையத்தில் தேடினாள்; ஒரே தட்டோடு நின்றுபோன பாடகி, ஒன்றும் அகப்படவில்லை.

"மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று கைபேசியை எடுத்தாள்.

"வை அதை."

ஊசியைத் தாங்கும் கைமேல் பாரம் வைத்தால் ஊசி குதிக்காமல் போகும். கூடவே தட்டில் ஓடும் கோடுகளையும் உழுது நாசமாக்கிவிடும். பொன்போல் வைத்திருந்த தட்டில் அவர் அதுவரை செய்யத் துணியாத காரியம். சோபா முதுகில் பதிக்கும் கனத்த பித்தான் ஒன்றைக் கடைப் பையிலிருந்து எடுத்து ஊசிக் கைமேல் வைத்தார். இருவரும் தரையிலிருந்த இசைத்தட்டுப் பெட்டிமேல் குனிந்தார்கள். 'கூட்டத்தில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்' என்றது குரல். கரகரவென்று ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து, முதல் முறையாக, 'திரும்பியது வேறொருத்தி.' பிறகு அடுத்த வரியில் வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது.

மகள் முகம் மலர்ந்து, "மாமாகிட்ட சொன்னா துள்ளிக் குதிப்பாரு" என்றாள்.

"நாளைக்குச் சொல்லேன்."

"ஏன்?"

"சும்மாதான். இன்னைக்கு ஒரு நாள் நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குப் பொறாமை."

அவர் கைபேசியை அவளிடமிருந்து வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.