மீட்டரில் மூன்று கோடு

எங்கள் காரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்ட மீட்டர் இருக்கிறது. வைத்தவள் என் மகள். வண்டிகளின் எஞ்சினைச் சரிபார்த்து டியூனிங் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சர் குழாயில் ஒரு சென்சாரைப் பொருத்தி, ஒயரை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"முருகன் பக்கத்துல இன்னாத்துக்குடி இது?" என்றாள் என் மனைவி.

"அவரு ரோட்டைப் பாக்கட்டும்மா. இது எஞ்சினைப் பாக்கும்."

மனைவி பூஜை அறையிலிருந்து குங்குமம் கொண்டுவந்து மீட்டரின் விளிம்பில் ஒரு பொட்டு வைத்தாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். செகந்திராபாத் பக்கத்தில் அல்வாலில் மாவு மில் நடத்துகிறேன். அந்த மீட்டரைப் பற்றி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் சேர்ந்து எரிகின்றன என்று அது காட்டும். பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று பதினாலே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தால் வண்டி சுகமாக இருக்கிறது.

"நம்பர் ஏறினா காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. அதுக்குப் பேரு லீன்," என்றாள் மகள்.

நான் தினம் காலையில் படிக்கும் பக்திப் புத்தகத்தில் அடிக்கடி வரும் சொல் அது. ஆண்டவனிடம் போய்க் கரைந்துவிடுவது. "லீனமா?" என்று கேட்டேன்.

"லீனம் நக்கோ அப்பா. லீன். ஒல்லி." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். "அம்மா, கேட்டியா? அப்பா எஞ்சினுக்கு மோட்சம் குடுத்துட்டாரு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு லீனம் என்றே பெயர்.

எனக்கு ஒரு பழக்கம். இறக்கம் வந்தால் வண்டியை நியூட்ரலில் தள்ளிவிடுவேன், பெட்ரோல் மிச்சமாகும் என்று. செகந்திராபாத்துக்குப் போகும் வழியில் ஒரு மேம்பாலத்தில் இறங்கும்போது மகள் என் கையைக் கியரிலிருந்து தட்டிவிட்டாள்.

"மில்லுக்கார புத்தி. நியூட்ரல்ல எஞ்சின் தனியா ஓடணும், அதுக்குப் பெட்ரோல் வேணும். கியர்லயே வச்சிக்கிட்டு காலை எடுங்க..." மேலே என்னென்னவோ சொன்னாள். முன்னால் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினேன். பின் சீட்டிலிருந்து மனைவி மட்டும் முன்னால் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேர்.

முருகனிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காக விளக்கேற்றாமல் இருக்க எனக்குத் தெரியாது. காலையில் படிக்கும் புத்தகத்தில் லீனம் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. அது வரும் பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

மனைவி மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள், கோலம் போட்டாள், பால்காரரிடம் சண்டை போட்டாள். நான் மகள் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். காரில் ஏற மாட்டாள். எங்கே போனாலும் ஆட்டோதான். நான் மட்டும் காலையில் வண்டியைக் கிளப்பி, மீட்டரில் எண் எரிகிறதா என்று பார்ப்பேன். மகள் கைபட்டதில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

வருஷத் திதி வந்தது. வீட்டில் காரியம் முடிந்து, செகந்திராபாத்தில் முருகன் கோயிலுக்கு அர்ச்சனைக்குக் கிளம்பினோம். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவள் காரின் பின் கதவைத் திறந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அர்ச்சனைக் கூடையை முன் சீட்டில், மகள் உட்காரும் இடத்தில் வைத்தேன்.

மேம்பாலத்தில் இறங்கும்போது கூடை சரிந்து தேங்காய் உருண்டது. இடது கையால் கூடையைப் பிடித்துக்கொண்டதால் நியூட்ரலுக்குத் தள்ள முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறியது. இருபதைத் தாண்டியது. பிறகு எண்ணே இல்லை. மூன்று கோடுகள் மட்டும்.

கீழே இறங்கி ஓரமாக நிறுத்தினேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"மீட்டர் போச்சு. அதுவும் போச்சு."

"அதான் எரியுதே."

பார்த்தேன். எண் திரும்ப வந்திருந்தது, பதினாலைச் சுற்றி ஆடிக்கொண்டு. "ஒயர் எங்கியோ லூசாயிருக்கு. இப்பவே மெக்கானிக்கு கிட்ட காட்டணும். கோயிலுக்கு அப்புறம் போலாம்," என்றேன்.

"ஒயரெல்லாம் நல்லாத்தான் கீது." மனைவி ஒப்பிப்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "கியர்ல இருக்கும்போது காலை எடுத்தா, சக்கரமே எஞ்சினைச் சுத்த வச்சிடும். பெட்ரோல் வாணாம்னு அதுவே நிறுத்திடும். வெறும் காத்துதான் உள்ள போயி வெளிய வரும். அளக்க ஒண்ணும் இல்லேன்னா கோடு காட்டும். ரிப்பேர் இல்ல. வேகம் நல்லா கொறைஞ்சதும் திரும்பப் பெட்ரோல் வுடும், நம்பர் வந்துடும்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கிட்டயா சொன்னா, உங்ககிட்டதான் சொன்னா. நீங்க பஸ்ஸைப் பாத்துகினு இருந்தீங்க."

ஒரு வருஷத்தில் மகளைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மங்கிப்போயிருந்த குங்குமப் பொட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னொரு வாட்டி போலாமா?"

"அர்ச்சனைக்கு நேரமாவுது."

"முருகன் எங்கியும் போவ மாட்டாரு."

சுற்றிக்கொண்டு வந்து மறுபடி பாலத்தில் ஏறினேன். உச்சி தாண்டியதும், கியரில் வைத்துக்கொண்டு காலை எடுத்தேன். எண் ஏறியது, கோடுகள் வந்தன. வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. மனைவி இரண்டு சீட்டுக்கும் நடுவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீனம்," என்றாள்.

நான் பிரேக்கைத் தொடாமல் இருக்கப் பார்த்தேன். வேகம் குறைந்தால் எண் வந்துவிடும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. பாலம் முடிந்தது, சிக்னல் வந்தது, வேறு வழியில்லாமல் பிரேக்கை மிதித்தேன். எண் வந்தது.

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.