சித்தியை அழவைத்த நரிப்பெண்

இலுப்பூர் பஸ்ஸில் இன்று நல்ல கூட்டம். இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

முன் சீட்டில் என் சித்தி. என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்து சீட் அக்காவிடம், தமிழ் டப்பிங்கில் பார்க்கும் சீன நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“தேவலோகத்துப் பையன், நரிக் குலத்துப் பொண்ணு. சேரக்கூடாதுன்னு அவன் அப்பன் என்ன பாடு படுத்துறான் தெரியுமா!”

“குலம் வேறயாச்சேங்க? எப்படி ஒத்துக்குவாங்க?” என்றார் அந்த அக்கா.

“மனசுக்குப் புடிச்ச பெறகு குலமாவது கோத்திரமாவது! நேத்து அழுதே புட்டேங்க.”

ஐந்து வருடத்துக்கு முன் நான் வேறு சாதியில் கல்யாணம் செய்தபோது, ஊரே பார்க்க என் பேரைச் சொல்லித் தலைமுழுகியவர் இதே சித்திதான்.

அன்னவாசலில் அந்த அக்கா இறங்கினார். சித்தி திரும்பினார். என்னைப் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார்.

“இங்கிட்டு வந்து ஒக்காருங்க” என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம்.

நாடகம் பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். நரிப்பெண்ணை எத்தனையாவது எபிசோடில் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள்? பிள்ளை பிறந்த பிறகாவது?